தேரோட்டி மகனாகவே இருந்திருந்தால்

ஆரணியைச் சுற்றியுள்ள கிராமங்களில் கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்கினி வசந்த விழா தொடங்கிவிடும். மதியத்தில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு சண்டை என்று ஒவ்வொரு இரவாக நகரும். கர்ண மோட்சம் வந்துவிட்டால் விழா முடியப்போகிறது என்று அர்த்தம். அதன் பிறகு பதினெட்டாம் போரும் படுகளமும் தீமிதியும்தான் பாக்கி.

என் அப்பாவைப் பெற்ற ஆயா பிறந்தது அப்படியொரு கிராமத்தில். 1989ஆம் வருஷம் எனக்குப் பதினொரு வயது. ஆயாவோடு பாயும் போர்வையும் வறுத்த வேர்க்கடலையுமாகப் போய் முன்வரிசையில் இடம் பிடித்தோம். முகவீணையும் மிருதங்கமும் சூடேற, இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து கர்ணன் பாடிக்கொண்டே வந்தான். மறுநாள் அவன் சாகப்போகிறான் என்பது கூட்டத்தில் கைக்குழந்தைகளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். போருக்குப் போகுமுன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். கலிங்க நாட்டு இளவரசி அவள். நான் பார்த்த ஆட்டத்தில் அவள் அவன் முகத்தைப் பார்க்கவே மறுத்தாள். தேரோட்டி மகன் நீ, உன் கை பட்ட இடமெல்லாம் தீட்டு என்கிற மாதிரி ஏசிக்கொண்டே போனாள். பெண் வேஷம் கட்டியிருந்தவர் மீசை மழித்த ஒரு நடுவயது ஆண். அவர் ஏச ஏச, என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் நெட்டி முறித்துச் சபித்தார்கள்.

கடைசியில் கர்ணன் தன் பிறப்பைச் சொல்கிறான். நான் குந்தியின் மகன், சூரியனுக்குப் பிறந்தவன், பாண்டவர்களுக்கு மூத்தவன் என்கிறான். பொன்னுருவி அவன் காலில் விழுந்து கதறுகிறாள். கூட்டம் முழுவதும் அழுதது. ஆயா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பாவி, இத மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா அவ ஏன் திட்டப்போறா?" என்றாள்.

நான் கேட்டேன்: "ஆயா, அவன் நெஜமாவே தேரோட்டி மகனா இருந்திருந்தா?"

ஆயா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அப்ப அவ திட்டுனது நியாயந்தானே" என்றாள். பிறகு, "பேசாம கூத்தப் பாருடி" என்று என் தலையில் போர்வையை இழுத்துவிட்டாள்.

அந்தப் பதில் எனக்குள் கிடந்ததே தவிர, அதை நான் வெகுகாலம் எடுத்துப் பார்க்கவில்லை. எடுத்துப் பார்க்க வைத்தது ஒரு வெள்ளைக்காரன் எழுதிய நாடகம்.

முதுகலைத் தமிழில் எங்களுக்கு ஒப்பிலக்கியம் ஒரு தாள். அதற்காக ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'வைத் தமிழில் படித்தேன். அதற்கு முன் ஒத்தெல்லோ என்றால் எனக்குத் தெரிந்தது தொலைக்காட்சியில் பார்த்த 'இரத்தத் திலகம்' மட்டுமே. 1963இல் வந்த அந்தப் படத்தில் சிவாஜி முகத்தில் கறுப்பைப் பூசிக்கொண்டு ஒத்தெல்லோவாகவும் சாவித்திரி டெஸ்டிமோனாவாகவும் கல்லூரி மேடையில் நடிப்பார்கள். மறு வருஷமே அதே சிவாஜி 'கர்ணன்' ஆனார். அந்தப் படத்தில் பொன்னுருவி இல்லை. சுபாங்கி என்று ஒரு அன்பான மனைவி இருந்தாள். திட்டுகிற மனைவியை சினிமா தாங்காது என்று முடிவு செய்திருப்பார்கள்போல.

1604இல் லண்டன் அரண்மனையில் ஆடப்பட்ட நாடகம் 'ஒத்தெல்லோ'. வெனிஸ் நகரத்துப் படைத்தலைவன் ஒத்தெல்லோ ஒரு மூர், கறுப்பன். செல்வந்தர் வீட்டு வெள்ளைப் பெண் டெஸ்டிமோனா அவனை விரும்பி, அப்பனுக்குத் தெரியாமல் மணக்கிறாள். அவனிடம் வேலை பார்க்கும் இயாகோ, அவள் கெட்டுப்போனவள் என்று அவனை நம்பவைக்கிறான். அவன் அவளைக் கொன்று, உண்மை தெரிந்ததும் தானும் சாகிறான். பொறாமையின் சோகக் கதை என்று எங்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். பரீட்சையில் நானும் அப்படித்தான் எழுதினேன்.

பின்னாளில் நானே வகுப்பெடுக்க வந்தபோது முதல் காட்சியை மறுபடி படித்தேன். நாடகம் காதலில் தொடங்கவில்லை. கிடைக்காத பதவி உயர்வில் தொடங்குகிறது. இயாகோ புலம்புகிறான். நான் எத்தனை போர்க்களம் பார்த்தவன், துணைத்தளபதி பதவி எனக்கு வந்திருக்க வேண்டும், ஏட்டுக் கணக்கு மட்டும் தெரிந்த காசியோவுக்குப் போய்விட்டது, இந்தக் காலத்தில் பதவியெல்லாம் சிபாரிசில்தான் என்கிறான். கேட்கிறவனுக்கு நியாயமாகவே படும். ஆனால் அதே இரவில், அதே வாயோடு, டெஸ்டிமோனாவின் அப்பன் வீட்டு ஜன்னலுக்குக் கீழே போய் நின்று, உன் மகளைக் கறுப்பு மிருகம் ஒன்று கொண்டுபோய்விட்டது என்று கத்துகிறான். தகுதி பற்றிய முறையீட்டுக்கும் நிறம் பற்றிய வசவுக்கும் நடுவே இருப்பது ஒரு தெருவின் தூரம்தான்.

அந்த அப்பன் பிரபான்ஷியோ ஒத்தெல்லோவை வெறுத்தவன் அல்ல. பலமுறை வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்து, போர்க்கதைகளைச் சொல்லக் கேட்டவன். மருமகனாக வந்தபோதுதான் மந்திரம் வைத்து மயக்கிவிட்டான் என்று வழக்குப் போடுகிறான். சைப்ரஸ் தீவை நோக்கித் துருக்கியர் கப்பல் வரும் சேதி அன்றைக்குப் பார்த்து வந்ததால், வெனிஸ் ஆட்சியாளருக்கு ஒத்தெல்லோவின் வாள் தேவைப்படுகிறது. திருமணம் செல்லும் என்கிறார். உங்கள் மருமகன் கறுப்பராகத் தெரியவில்லை, குணத்தால் வெளுப்பானவர் என்ற பொருளில் அப்பனுக்கு ஆறுதலும் சொல்கிறார். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. "பார்த்தா அந்த ஆளுங்க மாதிரியே தெரியலையே" என்று பாராட்டுகிற எத்தனை பேரை ஆசிரியர் ஓய்வறைகளில் பார்த்திருக்கிறேன்!

கர்ணனுக்கும் நடந்தது இதுதான். ஆயுதப் பயிற்சி அரங்கில் அர்ச்சுனனுக்குச் சமமாக அம்பு விட்டுக் காட்டினான். திறமையில் குறை சொல்ல முடியாதபோது உன் குலம் என்ன என்று கிருபர் கேட்டார். துரியோதனன் அந்த இடத்திலேயே அவனை அங்க நாட்டுக்கு அரசனாக்கினான். வெனிஸுக்கு ஒத்தெல்லோவின் வாள்போல, துரியோதனனுக்குக் கர்ணனின் வில். கொடுத்த பதவிக்கு உயிரைக் கேட்டார்கள், அவனும் கொடுத்தான். ஆனால் அரண்மனைக்குள், சொந்தப் படுக்கையறை வாசலில், அவன் மறுபடியும் தேரோட்டி மகன்.

என்னைத் தொந்தரவு செய்தது இன்னொன்று. ஒத்தெல்லோ ஓரிடத்தில் இயாகோவிடம் தானும் அரச குலத்தில் பிறந்தவன்தான் என்றும், பெருமை பேசுவது கௌரவம் என்று ஆனால் அதை வெளியே சொல்லிக்கொள்வேன் என்றும் சொல்கிறான். இத்தனை போர் வென்றவனுக்கும் பிறப்புச் சான்றிதழ் ஒன்று சட்டைப்பையில் தேவையாக இருக்கிறது. கர்ணனும் சாகுமுன் அதையே நீட்டுகிறான். பொன்னுருவி காலில் விழுவது அவனுடைய கொடைக்கோ வில்லுக்கோ அல்ல, சூரிய குலத்துக்கு. இரண்டு நாடகங்களும் பிறப்பா திறமையா என்று கேள்வி கேட்பதுபோல் தொடங்கி, கடைசியில் அவன் பிறப்பும் ஒன்றும் மட்டமில்லை என்று சொல்லி நம் கண்ணீரைத் துடைத்து அனுப்பிவிடுகின்றன. என் ஆயா கூத்தைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டிலும் அப்படியொரு சான்றிதழ் உண்டு. நாங்கள் செங்குந்தர். கல்வெட்டுகள் கைக்கோளர் என்று சொல்லும் நெசவுச் சாதி. சோழர் படையில் கைக்கோளர் படையும் இருந்தது. பார்வதியின் சிலம்பிலிருந்து சிதறிய மணிகளில் பிறந்த நவவீரர்களின் வம்சம் என்பது எங்கள் கதை. தாத்தா குழித்தறியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, "நாம முருகனுக்குச் சேனாதிபதி வம்சம்" என்பார். மேலே முதலாளிக்கு முன்னால் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கூலிக்கு நிற்கிறவர்தான் அவர். வீரவாகுவின் பேரன் என்ற நினைப்பு அந்த நிற்பைத் தாங்க உதவியது. கீழே ஒருவரைப் பார்த்து அதே நிற்பைக் கேட்கவும் உதவியது.

'ஒத்தெல்லோ'வை நான் மறக்க முடியாமல் போனதற்கு இன்னொரு காரணம் அதில் வரும் பட்டுக் கைக்குட்டை. ஒத்தெல்லோ டெஸ்டிமோனாவுக்குக் கொடுத்த முதல் பரிசு. இருநூறு வயதுக் கிழவி ஒருத்தி அருள் வந்து தைத்தது, அதற்குப் பட்டு நூற்ற புழுக்களே புனிதமானவை என்று அவன் கதை சொல்கிறான். எகிப்தியப் பெண் ஒருத்தி அவன் அம்மாவுக்குக் கொடுத்தது. அம்மாவிடமிருந்து அவனுக்கு, அவனிடமிருந்து டெஸ்டிமோனாவுக்கு. அவள் தவறவிட, தோழி எமிலியா எடுத்துப் புருஷன் இயாகோவிடம் தருகிறாள். அது காசியோவின் அறைக்குப் போக, அவன் அதே பூவேலையை நகலெடுத்துத் தரச் சொல்லி பியாங்கா என்பவளிடம் நீட்டுகிறான். முதலிலிருந்து கடைசிவரை பெண்களின் கைவேலை. ஆனால் மேடையில் அது ஆண்களின் கௌரவத்துக்குச் சாட்சியாக மட்டும் வந்து நிற்கிறது. ஜெயராஜின் 'களியாட்டம்' என்ற மலையாளப் படம் 1997இல் இந்தக் கதையைத் தெய்யம் ஆடுகிற ஒருவனின் வாழ்க்கையாக மாற்றியபோதும், கைக்குட்டை இருந்த இடத்தில் ஒரு பட்டுத்துணி வந்தது.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. எங்கள் தெருவில் விடியற்காலையில் பாவு நீட்டிக் கட்டியிருப்பார்கள். அறுந்த இழையைப் பிணைப்பது, நூல் இழைப்பது, தார் சுற்றுவது, கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரைநாடாவைப் போடுவது எல்லாம் அம்மா. ஐந்து மணிக்கு எழுந்து ராட்டினத்தில் உட்கார்ந்தால் சோறு வடிக்கத்தான் எழுந்திருப்பாள். கூலி நோட்டில் அப்பா பெயர் மட்டும் இருந்தது. "உன் கைக்கு ஒரு வாசி இருக்குதுய்யா" என்று முதலாளி அப்பாவைத்தான் மெச்சுவார். அம்மா அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவாள். திறமை என்பது ஒருவருக்குள் இருக்கிற பொருள் என்று நாம் பேசிக்கொள்கிறோம். அது யார் பெயரில் எழுதப்படுகிறது என்பதை வேறு ஏதோ முடிவு செய்கிறது.

எமிலியாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெண்ணிய வாசிப்பில் அவள்தான் இந்த நாடகத்தின் குரல். புருஷன்மார் செய்கிற தப்பைப் பார்த்துத்தான் பெண்டாட்டிகளும் கற்றுக்கொள்கிறார்கள், எங்களுக்கும் கண்ணும் மூக்கும் நாக்கும் ஆசையும் இருக்கின்றன என்று நானூறு வருஷத்துக்கு முன்பே பேசியவள். கடைசியில் உண்மையைச் சொல்லி, புருஷன் கத்தியால் செத்துப்போகிறாள். வகுப்பில் அவளைப் பற்றிப் பேசும்போது மாணவிகளின் முதுகு நிமிரும். ஆனால் டெஸ்டிமோனாவின் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று அவள் ஒத்தெல்லோவை ஏசுகிற ஏச்சைக் கவனித்துப் படியுங்கள். கொலைகாரன் என்று மட்டும் ஏசவில்லை. கறுப்புப் பிசாசு என்கிறாள். இந்த அழுக்கு உறவில் போய் மயங்கினாளே என்கிறாள். பெண்ணுக்காக நியாயம் கேட்கிற அதே மூச்சில் நிறமும் சேர்ந்து வருகிறது. பொன்னுருவியும் எமிலியாவும் அக்கா தங்கைகள் என்று எனக்குத் தோன்றியது அந்த இடத்தில்தான்.

மூன்றாவது சகோதரியையும் எனக்குத் தெரியும்.

முதுகலை முதலாண்டில் எங்கள் விடுதி அறையில் நான்கு பேர். அதில் ஒருத்தி எங்கள் பக்கத்துக் கிராமத்துக் காலனியிலிருந்து வந்தவள். சங்க இலக்கியத் தாளில் என்னைவிட மூன்று மதிப்பெண் கூட வாங்கினாள். அவள் ஆய்வுக்குப் போகப்போவதாகப் பேச்சு வந்த ஒரு மாலையில், அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில், "அவங்களுக்கு என்னப்பா, கோட்டால கெடச்சிடும்" என்றேன். மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் வாளியோடு வாசலில் நின்றிருந்தாள்.

அவள் கோபப்படவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, "நீ எந்த லிஸ்ட்ல வந்த?" என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் துறை வாசலில் ஒட்டியிருந்த சேர்க்கைப் பட்டியலில் என் பெயருக்கு நேரே பி.சி. என்று இருந்தது. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 30, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1, ஆக 69 விழுக்காடு. அந்த 30இல் ஒருத்தியாக வந்தவள் நான். என் அம்மா பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவள். அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் நானும் ராட்டினத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். என் இடத்தை உரிமை என்றும் அவள் இடத்தைக் கோட்டா என்றும் என் நாக்கு தானாகப் பிரித்துக்கொண்டது. நவவீரர் கதை எனக்குள் வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

இந்தப் பேச்சு ஏன் இத்தனை சுலபமாகப் பெண் வாயில் வைக்கப்படுகிறது என்று பிறகு யோசித்திருக்கிறேன். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை எதிர்த்து 1950இல் வழக்குப் போட்டவர் செண்பகம் துரைராசன் என்ற பெண். மருத்துவக் கல்லூரியில் சேர அவர் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது 1951ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ஆணை செல்லாது என்றானது. அதையொட்டித்தான் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. தகுதிக்காக வாதாட முன்னால் நிறுத்தப்பட்டது ஒரு பெண்ணின் பெயர். சாதி தன் வாசலைப் பெண்ணின் திருமணத்தில் வைத்திருக்கிறது. அதனால் காவலுக்கும் பெண்ணையே நிறுத்துகிறது. பொன்னுருவியிடம் யாரும் சம்மதம் கேட்டுக் கல்யாணம் செய்துவைத்திருக்க மாட்டார்கள். அவளிடம் இருந்த ஒரே சொத்து பிறந்த குலம். அதை வைத்துத்தான் அவளால் யாரையாவது காயப்படுத்த முடிந்தது. இதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் இதைச் சொல்லி என்னை நான் விடுவித்துக்கொள்ள முடியாது. அந்த மாலையில் என்னை யாரும் வாசலில் நிறுத்தவில்லை. நானாகப் போய் நின்றேன்.

கூத்தில் கர்ணன் சாகும்போது குந்தி ஓடிவந்து அவனை மடியில் போட்டுப் பாலூட்டி அழுவாள். மகனே என்று ஊரறிய ஒருமுறை அழைத்துவிட அவனுடைய சாவு வரை காத்திருந்த தாய். ஆயாவோடு நானும் அதற்கு அழுதிருக்கிறேன். ஆனால் அவனை ஆற்றிலிருந்து எடுத்து வளர்த்த தேரோட்டி மனைவி ராதையை நான் பார்த்த எந்தக் கூத்திலும் அந்தக் களத்தில் கண்டதில்லை. மகாபாரதத்தில் கிருஷ்ணன் வந்து, நீ குந்தியின் மகன், அரசை எடுத்துக்கொள் என்று கூப்பிடும்போது கர்ணன் மறுக்கிறான். என்மேல் வைத்த பாசத்தால் ராதைக்குப் பால் சுரந்தது, என் மலமும் மூத்திரமும் அள்ளியவள் அவள், அவளை எப்படி விடுவேன் என்கிறான். பிறப்பு கையில் வந்து விழுந்த நேரத்தில் அதை வேண்டாம் என்று சொன்னவன் அவன். அந்தக் கர்ணனை நாம் மேடையில் அதிகம் பார்ப்பதில்லை. நமக்கு மோட்சம் பெறுகிற கர்ணன் வேண்டியிருக்கிறது.

இப்போது கூத்துக் கற்கப் பெண்களும் வருகிறார்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ஆடக் கற்றுக்கொண்டார்கள். இங்கிலாந்தில் தொழில்முறை மேடையில் முதன்முதலாக ஒரு பெண் நடித்தது 1660 டிசம்பரில், டெஸ்டிமோனாவாக என்று சொல்வார்கள். பொன்னுருவியாக ஒரு பெண்ணே நின்று ஏசும்போது, எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அது எப்படிக் கேட்கும் என்று பார்க்க ஆசை. நெட்டி முறிப்பார்களா, அல்லது ஒருநாள் தாங்களும் பேசிய பேச்சு ஞாபகத்துக்கு வருமா?

அவளைப் போன வருஷம் ஒரு விடைத்தாள் திருத்தும் முகாமில் பார்த்தேன். முனைவர் பட்டம் முடித்து வேறொரு ஊரில் வேலையில் இருக்கிறாள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் வேப்பமரத்தடியில், இருபது வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பைக் கேட்டேன். அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கொஞ்சநேரம் யோசித்தாள்.

"நீ சொன்னது எனக்கு ஞாபகம் இல்லப்பா. அந்த மாதிரி நெறைய பேர் சொன்னாங்க" என்றாள். "அதுக்கப்புறம் பரீட்சை முடியிற வரைக்கும் மெஸ்ல நீ என் பக்கத்துல உக்காரவே இல்ல. அதான் ஞாபகம் இருக்கு."

வெட்கத்தால்தான் உட்காரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பார்க்கிறவளுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

"இந்த வருஷம் பசங்களுக்கு என்ன எடுக்கிற?" என்று கேட்டாள்.

"கர்ண மோட்சம்" என்றேன்.

"யார் பக்கமிருந்து எடுக்கிற?" என்று கேட்டுவிட்டு, கை கழுவ எழுந்து போனாள்.